புழுதி அடங்கிவிட்டது

நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்கள் போகும்போது, போன நாள் இதுதான் என்று துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. ஊர் ஒரு தேதியைச் சொல்லும். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்களோ, உயிர் எப்போதோ பிரிந்துவிட்டது, நாங்கள்தான் மனசு கேட்காமல் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பார்கள். அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் ஏறத்தாழ 180 ஆண்டுகள் வாழ்ந்த களத்து வாக்குவாதம் காலமானதும் அப்படித்தான். மட்டையாளரைக் கடந்துபோன பந்தைப் பற்றி நடுவர் சொன்ன முடிவை, அடுத்த பருவம் முதல் கேமராவிடம் முறையிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று மேஜர் லீக் பேஸ்பாலின் விதிக்குழு 2025 செப்டம்பர் 23 அன்று ஒப்புதல் அளித்தது. ஏட்டில் எழுத வேண்டிய தேதி அதுதான். ஆனால் பெரியவர் 2014-லேயே பேச்சிழந்துவிட்டார் என்பது நெருங்கிப் பழகிய நமக்குத் தெரியும்.

பெரியவர் என்றுதான் சொல்ல வருகிறது. நடுவர் இரு கைகளையும் விரித்து ஓடியவர் பிழைத்தார் என்றோ, முட்டியை மடக்கி அவுட் என்றோ காட்டிய மறுகணம், வீரர்கள் அமரும் தாழ்வறையின் படிகளில் தடதடவென்று ஏறி, வயிறு முன்னே குலுங்க ஓடிவந்து, நடுவரின் முகத்துக்கு விரற்கடை தூரத்தில் தம் முகத்தை நிறுத்திக் கத்தும் அணி மேலாளரின் உருவத்தில்தான் உலகம் அவரைக் கண்டது. பேஸ்பாலில் மேலாளரும் ஆட்டக்காரர்களின் சீருடையையே அணிவது வழக்கம். அறுபது வயதுக்காரர் ஒருவர், முதுகில் எண் பொறித்த சட்டையோடு, இளவட்டங்களின் உடுப்பில் மூச்சிரைக்க ஓடிவருவதில் சிரிப்புக்கும் இடம் இருந்தது. தம் பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிட்டதென்று தெருவுக்கு இறங்கிய தகப்பனின் பதைப்பும் இருந்தது.

அவர் பிறந்த கதை ஒரு விதிப்புத்தகத்தில் தொடங்குகிறது. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் 1845-இல் எழுதிவைத்த விதிகளில், ஆட்டத்தில் எழும் எல்லாத் தகராறுகளையும் நடுவரே தீர்ப்பார், அதற்கு மேல்முறையீடு இல்லை என்று ஒரு விதி இருந்தது. முறையிட வேறு வாசல் இல்லாதவர் நின்ற இடத்திலேயே குரலை உயர்த்துவார் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் அறியாதிருந்திருக்க முடியாது. அடுத்த ஆண்டு, 1846 ஜூன் 19 அன்று, ஹட்சன் ஆற்றின் அக்கரையில் ஹோபோக்கன் புல்வெளியில் நடந்த ஆட்டத்திலேயே வாய்த்துடுக்காகப் பேசிய ஒரு வீரருக்கு 6 சென்ட் அபராதம் விழுந்தது. குழந்தை பிறந்ததும் அழுததற்கு அதுவே சான்று. நடுவரின் மதிப்பீட்டை எவரும் ஆட்சேபிக்கக் கூடாது என்று இன்றுவரை விதி சொல்கிறது. ஆகவே சட்டப்படி பெரியவர் ஒருநாளும் உயிரோடு இருந்ததே இல்லை. எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமலே வீட்டின் மூத்தவராக வாழ்ந்து முடித்தவர் அவர்.

இளமையில் அவர் முரடர்தான், மறைப்பதற்கில்லை. அந்தக் காலத்தில் களத்தில் ஒரே ஒரு நடுவர். அவருக்குச் சம்பவம் கண்ணில் படாவிட்டால் ஆட்டக்காரரையும் பார்வையாளரையும் சாட்சி கேட்கும் வழக்கம்கூட 1880-களின் தொடக்கம் வரை இருந்தது. நடுவர் பந்தின் பின்னே பார்வையைத் திருப்பிய நேரத்தில், ஓட்டக்காரரின் இடைவாரைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவது 1890-களின் பால்டிமோர் ஆட்டக்காரர் ஜான் மெக்ரா கையாண்ட வித்தை. ஒருமுறை ஓட்டக்காரர் முன்கூட்டியே வாரின் பூட்டைக் கழற்றிவைத்துவிட்டு ஓட, வார் மட்டும் மெக்ராவின் கையில் மிஞ்சியது என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். ஆனால் எல்லாம் சிரிப்பாக முடியவில்லை. 1907 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் மைதானத்தில், கூட்டத்திலிருந்து பறந்துவந்த ஒரு பாட்டில் இளம் நடுவர் பில்லி எவன்ஸின் மண்டையோட்டைப் பிளந்தது. அவர் பிழைத்து எழுந்து, மேலும் இருபது ஆண்டுகள் அதே வேலையைப் பார்த்தார். அந்தப் பழி பெரியவரின் கணக்கில்தான் இருக்கிறது. இறந்தவர் என்பதற்காக அதை அழித்துவிட முடியாது.

அவரைத் திருத்தி ஆளாக்கியவர்கள் இருவர். 1901-இல் அமெரிக்கன் லீகைப் பெரிய லீகாக நிறுத்திய பான் ஜான்சன், நடுவரை அவமதிப்பவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் தண்டனை உண்டு என்று உறுதியாக நின்றார்; அந்த உறுதியோடு மோதித்தான் மெக்ரா 1902-இல் லீகை விட்டே வெளியேறினார். மற்றவர் 1905 முதல் 1941 வரை நேஷனல் லீகில் நடுவராக இருந்த பில் கிளெம். தம்மை நோக்கிக் கொதித்து வருபவரிடம் அவர் பதிலுக்குக் கத்தவில்லை. காலணி நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழித்துவிட்டு, அதைத் தாண்டாதே என்று சொல்லித் திரும்பி நடந்தார். அந்தக் கோட்டின் இப்பக்கம் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்ற உரிமையும், அப்பக்கம் கால் வைத்தால் வெளியேற்றம் என்ற கண்டிப்பும் ஒரே கோட்டில் அடங்கியிருந்தன. பெரியவருக்கு வயது வந்தது அன்றுதான்.

அதன்பின் அவருக்கென ஓர் ஒழுங்கு உண்டாயிற்று, தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அறியாத ஒழுங்கு. ஸ்ட்ரைக், அதாவது அடித்திருக்க வேண்டிய பந்து, என்று நடுவர் சொன்னது பிடிக்காத மட்டையாளர் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார்; பந்து எறிபவரை நோக்கியே நின்று, கையுறையின் வாரை இறுக்கிக்கொண்டு, உதடு அதிகம் அசையாமல், ‘அது வெளியேதானே போனது?’ என்பார். பின்னால் குந்தியிருக்கும் கேட்ச்சரும் முகத்தைத் திருப்பாமலே தம் மனக்குறையைச் சொல்வார். நாற்பதாயிரம் பேர் சூழ்ந்திருக்கும் இடத்தில் நடுவரை அவர்கள் முன் தலைகுனியவைக்காமல் பேசும் மரியாதை அது. பந்து வந்த தடம் இதுதான் என்று மட்டையால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாலோ, பேச்சே இல்லை, வெளியேற வேண்டியதுதான். மேலாளர்களுக்கும் ஒரு வரம்பு இருந்தது: ‘அந்த முடிவு கேவலம்’ என்று எத்தனை முறையும் கத்தலாம், ‘நீ கேவலம்’ என்று ஒருமுறை சொன்னால் நடுவரின் கை வாசலைக் காட்டும். செய்ததைத் திட்டலாம், செய்தவரைத் திட்டலாகாது என்பதை நம்மில் எத்தனை குடும்பங்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை!

அவரது நல்ல காலம் என்றால் 1970-களைத்தான் சொல்ல வேண்டும். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் மேலாளர் எர்ல் வீவர் குள்ளமான மனிதர். தொப்பியின் விளிம்பு நடுவரின் முகத்தில் இடித்துத் தொடுதல் குற்றமாகிவிடக் கூடாதென்று, ஓடிவரும் வழியிலேயே தொப்பியைப் பின்புறமாகத் திருப்பிவைத்துக்கொள்வார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். 1980 செப்டம்பரில், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக நடுவர் பில் ஹாலர் சட்டைக்குள் ஒலிவாங்கி அணிந்திருந்த நாளில் இருவரும் மோதிக்கொண்டதால் அந்த உரையாடல் நமக்குக் கிடைத்தது. பந்து எறிபவரின் அசைவு பற்றிய ஒரு முடிவில் தொடங்கிய சண்டை, சில நிமிடங்களில் ஆட்டத்தையே மறந்து, இன்னும் சில ஆண்டுகளில் நீ எங்கே இருப்பாய் பார்க்கிறேன் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறது. புகழரங்கில் இருப்பேன் என்கிறார் வீவர். எதற்காக என்று கேலி செய்கிறார் ஹாலர். 1996-இல் வீவர் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்.

கோபம் முற்றினால் மேலாளர்கள் மண்ணை உதைத்து, ஹோம் பிளேட் எனப்படும் அந்த வெண்பலகையின் மேல் புழுதியைக் கொட்டுவார்கள். கத்தியவர் போன பிறகு, நடுவர் பையிலிருந்து ஒரு சிறு தூரிகையை எடுத்து, மைதானத்துக்கு முதுகு காட்டிக் குனிந்து, அவசரமே இல்லாமல் பலகையைத் துடைப்பார். கூட்டத்தின் இரைச்சல் தணிவதற்கும், தம் காதில் ஏறிய சூடு இறங்குவதற்கும் அந்தச் சில நொடிகள் போதும். நிமிர்ந்து முகக்கவசத்தை மாட்டியதும் ஆட்டம் தொடரும். இருவருக்கும் நடுவே எதுவுமே நடக்காததுபோல.

பெரியவர் வேடிக்கை காட்டியதையும் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். 2001 ஜூனில் பிட்ஸ்பர்க் அணியின் மேலாளர் லாயிட் மெக்லெண்டன், ஓட்டக்காரர் முதலில் தொட வேண்டிய முதல் பேஸில் வந்த முடிவுகளால் பொறுமை இழந்து, அந்த பேஸையே பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாழ்வறைக்கு நடந்தார். ஊழியர்கள் வேறொரு பேஸைக் கொண்டுவந்து பதித்த பிறகுதான் ஆட்டம் நகர்ந்தது. ஆனால் பெரியவரின் உண்மையான ஊழியம் வேறு. அட்லாண்டா அணியின் பாபி காக்ஸ் 150 முறைக்கும் மேல் வெளியேற்றப்பட்டு அதில் எவரும் எட்டாத எண்ணிக்கையை விட்டுச்சென்றவர். அவரிடம் ஆடியவர்கள் அதைக் குறையாகச் சொல்வதில்லை. வாய்விட்டுப் பேசத் தொடங்கிய வீரருக்கும் நடுவருக்கும் இடையில் தம் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தி, அவருக்கு வரவேண்டிய வெளியேற்றத்தைத் தாம் வாங்கிக்கொண்டு போவார். மேலாளர் போனாலும் அணி ஆடும். மட்டையாளர் போனால் ஆடாது. முடிவு மாறாது என்று தெரிந்தே கத்தப் போனவர்கள் இத்தகைய மேலாளர்கள். நமக்காக ஒருவர் கேட்டார் என்ற ஆறுதலைத்தான் அந்தக் கத்தல் வீரருக்குக் கொடுத்தது.

ஏனெனில் வீரரின் வாய் அந்த ஆட்டத்தில் வேறுவிதமாகக் கட்டப்பட்டிருந்தது. தரையில் பட்டுத் தெறித்த பந்தைப் பிடித்தவர், நேராகப் பிடித்தவர்போலக் கையை உயர்த்திக் காட்டுவார். உண்மையை ஒப்புக்கொள்வது தம் வேலையல்ல, கண்டுபிடிப்பது நடுவரின் வேலை என்பதே களத்தின் வழக்கம். 2010 செப்டம்பர் 15 அன்று, நேர்மைக்குப் பெயர்பெற்ற டெரெக் ஜீட்டர், மட்டையின் அடியில் பட்ட பந்தைக் கையில் பட்டதாக நடித்து முதல் பேஸுக்கு நடந்தார். அப்படி இல்லை என்று கத்திய எதிரணி மேலாளர் ஜோ மேடன்தான் வெளியேற்றப்பட்டார். ஆட்டம் முடிந்ததும் ஜீட்டர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். முதல் பேஸை அடைவது தம் வேலை என்றார். மேடனும் அவர்மேல் வருத்தப்படவில்லை. பிழையின் பாரத்தை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்த ஏற்பாடு அது: வீரர் மௌனமாக இருந்தார், நடுவர் தீர்ப்புச் சொன்னார், மேலாளர் கத்தினார். அறத்துக்கு முற்றும் பொருந்தாத ஏற்பாடுதான். ஆனாலும் எவரும் தனியே நசுங்கவில்லை.

தனியே நசுங்கியவர்களும் உண்டு என்பதையும் இந்த இடத்தில் நினைக்கத்தான் வேண்டும். 1985 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், வெற்றிக்கு மூன்றே அவுட் தூரத்தில் செயின்ட் லூயிஸ் அணி நின்றபோது, முதல் பேஸில் தெளிவாக அவுட்டான கான்சாஸ் சிட்டி வீரரை நடுவர் டான் டெங்கிங்கர் பிழைத்தார் என்று சொல்லிவிட்டார். அந்த ஆட்டமும் போயிற்று, மறுநாள் தொடரும் போயிற்று. களத்தில் அடங்க வேண்டிய கோபம் மிரட்டலாக அவர் வீட்டு வாசல்வரை போயிற்று. 2023-இல் அவர் இறந்தபோதும் இரங்கல் செய்திகள் அந்த ஒரு முடிவைச் சொல்லித்தான் தொடங்கின. இத்தகைய பிழைகளுக்கு மருந்து வேண்டும் என்று உலகம் கேட்டதில் தவறில்லை. நோயாளிமீது அன்புள்ள நாமும்தான் கேட்டோம்.

அவரது வாழ்வின் உச்சமும் அந்த மருந்து வருவதற்குச் சற்று முன்னர்தான் வந்தது. 2010 ஜூன் 2, டெட்ராய்ட். வெனிசுவேலாவைச் சேர்ந்த 28 வயது அர்மாண்டோ கலராகா, கிளீவ்லாந்து மட்டையாளர்கள் 26 பேரையும் வரிசையாக, ஒருவரையும் முதல் பேஸைத் தொடவிடாமல் வீழ்த்தியிருந்தார். இன்னும் ஒருவர் வீழ்ந்தால் நிறைவாட்டம். அதுவரை மேஜர் லீக் வரலாற்றில் இருபதே முறை நடந்த அருஞ்செயல். அந்த ஒருவர் அடித்த பந்தை அணித்தோழர் மிகேல் கப்ரேரா எடுத்து எறிய, கலராகா ஓடிவந்து முதல் பேஸை மிதித்தபடி பிடித்தார். பந்து முந்தியது. நடுவர் ஜிம் ஜாய்ஸ் கைகளை விரித்தார்: பிழைத்தார்.

கலராகா சிரித்தார். ஏளனச் சிரிப்பல்ல, கைக்கு வந்தது நழுவுவதைக் கண்ட மனிதனின் திகைத்த புன்னகை. பிறகு திரும்பி நடந்து, அடுத்த மட்டையாளரை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார். மேலாளர் ஜிம் லேலண்டும் அணியினரும் ஜாய்ஸைச் சூழ்ந்து கத்தித் தீர்த்தார்கள். பெரியவர் தம் கடமையைச் செய்தார். அன்றிரவு காட்சியை மறுபடி பார்த்த ஜாய்ஸ் உடைந்துபோனார். தாம் அந்தப் பையனின் நிறைவாட்டத்தைப் பறித்துவிட்டதாக எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு, கலராகாவை வரச்சொல்லி அழுதபடி மன்னிப்புக் கேட்டார். கலராகா அவரை அணைத்துக்கொண்டார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். ஜாய்ஸ் மறுத்து, தம் முறைப்படி ஹோம் பிளேட்டுக்கே வந்து நின்றார். ஆட்டக்காரர் பட்டியலை வழக்கமாக மேலாளர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். அன்று லேலண்ட் அதைக் கலராகாவின் கையில் கொடுத்தனுப்பினார். ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டே தாளை வாங்கினார். பிறகு அந்த இளைஞரின் தோளில் மெல்லத் தட்டினார். முடிவு மாற்றப்படவே இல்லை. ஏட்டில் அந்த ஆட்டம் இன்றும் குறையுள்ளதுதான். ஆனால் அந்த ஆண்டில் நிறைவாட்டம் ஆடிய மற்ற இருவரின் ஆட்டங்களைவிட இந்தக் குறையாட்டமே நம் மனத்தில் நிற்கிறது.

பெரியவரை முடித்த நோயின் முதல் அறிகுறி வெகுகாலத்துக்கு முந்தையது. 1963 டிசம்பரில் அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்றில், நடந்ததை உடனே திருப்பிக் காட்டும் வித்தையைத் தொலைக்காட்சி கற்றுக்கொண்டது; அன்றிலிருந்து, களத்தில் நின்ற நடுவரைவிட வீட்டில் சாய்ந்திருந்தவருக்கு அதிகம் தெரிந்தது. 1999 மே மாதம் புளோரிடாவில் ஃபிராங்க் புல்லி என்ற நடுவர் மனம் பொறுக்காமல் கேமராத் திரையை எட்டிப் பார்த்துத் தம் முடிவைத் திருத்தினார். லீக் அவரைக் கண்டித்து, இனி அப்படிச் செய்யலாகாது என்றது. 2008 ஆகஸ்ட் இறுதியில் ஹோம் ரன்களுக்கு மட்டும் திரை அனுமதிக்கப்பட்டது. 2014-இல் பேஸ்களில் நடக்கும் பெரும்பாலான முடிவுகளை மேலாளர் முறையிடலாம் என்றும், நியூயார்க்கில் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் தீர்த்துவைப்பார்கள் என்றும் ஆயிற்று.

அன்றுமுதல் பெரியவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேலாளர் ஓடுவதை விட்டு நடந்து வருவார். உள்ளே ஒருவர் காட்சியைப் பார்த்து முறையிடலாமா என்று சைகை காட்டும்வரை நடுவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்பார். சைகை வந்ததும் முறையிடுவார், அல்லது தலையாட்டிவிட்டுத் திரும்புவார். கோபப்பட நேரமும் இல்லை, காரணமும் இல்லை. திரை சொன்ன முடிவோடு வாதாடினால் உடனே வெளியேற்றம். 2017-இல் முடிவெடுக்க 30 நொடி என்று கெடு வைத்தபோது, அந்த நடையும் நின்றது. வீவர் இதையெல்லாம் பார்க்கவில்லை. 2013 ஜனவரியிலேயே கண்மூடிவிட்டார். காக்ஸ் புகழரங்கில் ஏறியதும், அவர் வாழ்ந்த கலை பேச்சிழந்ததும் ஒரே ஆண்டில், 2014-இல்.

கடைசியாக மிஞ்சியிருந்தது, வந்த பந்து ஸ்ட்ரைக்கா, வெளியே போன ‘பாலா’ என்பது பற்றிய முணுமுணுப்புதான். 17 அங்குல அகலப் பலகைக்கு மேலே, மட்டையாளரின் உயரத்தில் 27 விழுக்காட்டிலிருந்து 53.5 விழுக்காடு வரை எழும்பும் கண்ணுக்குத் தெரியாத சட்டகம் ஒன்றைக் கேமராக்கள் வரைந்து வைத்திருக்கின்றன. 2026 பருவம் முதல் ஒவ்வோர் அணியும் இரண்டு முறை அதனிடம் முறையிடலாம், வென்றால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். முறையிடும் உரிமை மட்டையாளர், எறிபவர், கேட்ச்சர் மூவருக்கு மட்டுமே. தலைக்கவசத்தையோ தொப்பியையோ ஒரு தட்டு. தாழ்வறையிலிருந்து ஒரு குரலும் உதவக் கூடாது. சோதனை ஆட்டங்களில் எறிபவர்களின் முறையீடுகளே அதிகம் பொய்த்தன. தம் கையால் பெற்ற பிள்ளை தவறாதென்ற நம்பிக்கை எல்லோருக்கும் பொது. இப்போது வீரர் தம் கண்ணைத் தாமே நம்பி, தாமே தட்டி, தவறினால் பெரிய திரையில் ஊர் பார்க்கத் தாமே தோற்க வேண்டும். நியாயமான பொறுப்புதான், மறுக்கவில்லை. அவருக்கும் நடுவருக்கும் இடையே ஓடிவந்து நிற்க ஒருவர் இல்லை என்பதுதான் வித்தியாசம். தவறு திருத்தப்பட்டதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையின்றி ஆட்டம் நகர்ந்துவிடுகிறது.

நேர்வழி வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்; கிடைத்திருக்கிறது. கலராகாவுக்கு நடந்தது இனி ஒருவருக்கும் நடக்காது. மறுநாள் நண்பகலில் ஒரு தாளை நீட்டவும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கவும் எவருக்கும் தேவை இராது.

நடுவரின் பையில் அந்தத் தூரிகை இன்னும் இருக்கிறது. இன்னிங்ஸ்களுக்கு நடுவே அவர் அதே பழக்கத்தில் குனிந்து, அதே நிதானத்தில் பலகையைத் துடைக்கிறார். அதன்மேல் இப்போது ஓடியவர்களின் கால்மண் மட்டும்தான்.